நம்ம கறிக்கோழியை நாமே உருவாக்கலாமா?

(காரைக்காலில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், எங்கள் களப்பணிக் குழுவின் சார்பில் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



போன கூட்டத்தில் திருநள்ளாறு பக்கத்துக் குழு ஒன்றிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "நாட்டுக்கோழி வளர ஆறு மாசம் ஆகுது. பிராய்லர் நாப்பது நாள்ல வந்துடுது. ரெண்டையும் கலந்து நடுவுல ஒரு கோழி நாமளே உண்டாக்க முடியாதா? அதுக்குக் கூட்டமைப்பு கடன் குடுக்குமா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம். ஆனால் பதிலுக்கு முன்னால் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தவறு

சில வருடங்களுக்கு முன் நிரவி பக்கம் ஒரு குழுவில் பன்னிரண்டு பேர் உள்கடன் வாங்கிக் கலப்பினக் குஞ்சு வாங்கினார்கள். ஆளுக்கு இருபது குஞ்சு. பயிற்சி கொடுத்தது நாங்கள்தான். முதல் ஈடு நன்றாக வந்தது. மூன்று மாதத்தில் நல்ல எடை. சந்தையில் நாட்டுக்கோழி மாதிரியே விலை போனது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டாவது ஈட்டுக்கு யாரும் குஞ்சு வாங்கவில்லை. "எதுக்குக் காசு? இதுலயே நல்ல பெட்டையா நாலு நிறுத்திக்கிட்டா போதுமே" என்று நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பெட்டைகள் முட்டை இட்டன, ஆனால் அடையில் உட்காரவில்லை. பழைய நாட்டுக்கோழியைப் பலபேர் விற்றுவிட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் இரவல் கோழி வாங்கி அடை வைத்தார்கள். பொரித்த குஞ்சுகள் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. ஒன்று தாயைப் போல, ஒன்று எதைப் போலவும் இல்லை. அந்தப் பங்குனியில் வெள்ளைக்கழிச்சல் வேறு வந்தது. யாரும் தடுப்பு மருந்து போட்டிருக்கவில்லை. ஒரே வாரத்தில் கூடு காலி. கடன் தவணை நின்றது. ஒரு அக்கா கூச்சப்பட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அவர்கள் செய்தது தவறில்லை. கலப்புக் கோழியின் குஞ்சு கலப்புக் கோழி மாதிரி இருக்காது, அது அடை காக்காது என்ற இரண்டு விஷயத்தையும் நாங்கள் பயிற்சியில் சொல்லவில்லை. தீவனம், கூண்டு, வெளிச்சம் எல்லாம் சொன்னோம். முக்கியமானதை விட்டுவிட்டோம். அதனால்தான் இன்று அடியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

பிராய்லர் எங்கிருந்து வந்தது?

பிராய்லர் சீமைக்கோழி என்று நாம் நினைக்கிறோம். அதில் பாதிக் கதை நம்முடையது. 19ஆம் நூற்றாண்டில் நம் நாட்டு அசில் சேவல்கள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குப் போயின. அசில் என்றால் நாம் சண்டைச் சேவல் என்று சொல்கிறோமே, அந்த இனம். அங்கே உள்ளவர்கள் அதை வேறு இனங்களோடு சேர்த்துப் புதுச் சண்டைச் சேவல் உண்டாக்கப் பார்த்தார்கள். வந்த கோழி சண்டைக்கு லாயக்கில்லை. ஆனால் அதற்கு இருந்த நெஞ்சுக்கறி வேறு எந்தக் கோழிக்கும் இல்லை. 'இந்தியன் கேம்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதுவே 'கார்னிஷ்' ஆனது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி நடத்தினார்கள். சீக்கிரம் வளர்ந்து நிறையக் கறி தரும் கோழியை யார் உருவாக்குகிறார்கள் என்று போட்டி. 1948இல் நடந்த இறுதிச் சுற்றில் கலிபோர்னியாவைச் சேர்ந்த வான்ட்ரஸ் என்பவரின் கோழி முதலிடம் பெற்றது. அது கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷயர் என்ற கோழியையும் கலந்தது. இன்றைய பிராய்லரின் ஆண் வழியில் இந்தக் கார்னிஷ் ரத்தம் இருக்கிறது. இன்னொன்றும் கேளுங்கள். உரித்த பிராய்லரின் தோல் மஞ்சளாக இருக்கிறதே, அந்த மஞ்சள் நம் தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். கனடாவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். 1957ஆம் வருடத்து ரகம், 1978ஆம் வருடத்து ரகம், 2005ஆம் வருடத்து ரகம் மூன்றையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாளில் முதலாவது சுமார் 900 கிராம். இரண்டாவது 1,800 கிராம். மூன்றாவது 4,200 கிராம். தீவனம் ஒன்றுதான். வித்தியாசம் பிறப்பில்.

இதை எதற்குச் சொல்கிறோம் என்றால், கலப்பது ஒரு நாள் வேலை. பொறுக்கி எடுப்பதுதான் அறுபது எழுபது வருட வேலை. பிராய்லர் சேவலை நம் வாசல் பெட்டையோடு விட்டால் பிராய்லர் வராது. அந்தச் சேவலுக்குத் தீவனத்தை அளந்து போடாவிட்டால் உடம்பு பெருத்துக் காலே தாங்காது.

நம் நாட்டில் செய்த வேலை

வாசலில் மேயும் கோழிக்காக நம் நாட்டு விஞ்ஞானிகளும் உழைத்திருக்கிறார்கள். பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'கிரிராஜா' கொடுத்தது. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் 'வனராஜா', 'கிராமப்பிரியா' கொடுத்தது. உத்தரப்பிரதேசத்தில் இசத்நகர் ஆராய்ச்சி நிலையம் அசில் ரத்தத்தை வைத்து 'நிர்பீக்' உருவாக்கியது. சென்னை நந்தனத்தில் 'நந்தனம் கோழி' வந்தது. வண்ண இறகும் நாட்டுக்கோழிச் சாயலும் வேண்டும், வளர்ச்சி கொஞ்சம் வேகமாக இருக்க வேண்டும் என்பதுதான் இவை எல்லாவற்றின் நோக்கமும்.

இவை நல்ல கோழிகள். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வனராஜா, கிரிராஜா வாங்கினால் ஒவ்வொரு ஈட்டுக்கும் குஞ்சு வாங்க வேண்டும், அல்லது பொரிப்பகம் வேண்டும். அடை காக்கும் குணத்தை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. குஞ்சு பராமரிப்புக்கு முதல் ஆறு வாரம் வெளிச்சமும் தீவனமும் வேண்டும்.

தெருவில் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் போட்டு விற்கும் குஞ்சுகளைப் பிள்ளைகள் கேட்டு அழுதால் வேறு விஷயம். கடன் வாங்கி அவற்றை வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தில் கழித்த சேவல் குஞ்சுகள். கறிக்கும் ஆகாது, முட்டைக்கும் ஆகாது.

கலப்பு ஏன் ஒரு தலைமுறையோடு நிற்கிறது?

நெல் அறுத்த வயலில் நாம் பருத்தி போடுகிறோம். வீரிய ஒட்டு விதை பாக்கெட் வாங்குகிறோம். அந்தப் பருத்தியிலிருந்து விதை எடுத்து அடுத்த வருடம் போடுகிறோமா? போட மாட்டோம். போட்டால் செடி ஒன்றுக்கொன்று ஒத்து வராது என்று நமக்குத் தெரியும். கோழியும் அப்படித்தான்.

இரண்டு தூரத்து இனங்களைச் சேர்த்தால் முதல் தலைமுறைக் குஞ்சுக்கு ஒரு தனி வீரியம் இருக்கும். நோயைக் கொஞ்சம் தாங்கும், வேகமாக வளரும், எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அந்தக் குஞ்சுகளையே ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அந்த வீரியத்தில் பாதி போய்விடும். பாட்டன், பாட்டி குணங்கள் பிரிந்து பிரிந்து வரும். நிரவி பக்கம் நடந்தது இதுதான்.

ஆகவே முதல் விதி: கலப்புக் கோழி விற்பதற்கு. தாய்க்கோழி வைத்துக்கொள்வதற்கு. இரண்டையும் குழப்பக் கூடாது.

நமக்கு ஏற்ற கலப்பு

நம்மிடம் ஏற்கெனவே இரண்டு வகை இருக்கிறது. சிறுவிடை, பெருவிடை. சிறுவிடைப் பெட்டை சின்ன உடம்பு, கொஞ்சத் தீனி, நன்றாக அடை உட்காரும், பருந்து வந்தால் றெக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். பெருவிடைச் சேவல் உயரம், எலும்பு கனம், நெஞ்சு அகலம். பெருவிடைச் சேவலைச் சிறுவிடைப் பெட்டையோடு சேர்த்தால் தாயின் வளர்ப்பும் தகப்பனின் உடம்பும் குஞ்சுக்குக் கிடைக்கிறது. பொரிப்பகம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நம் கறிக்கோழிக்கு இதுவே சரியான வழி என்று நாங்கள் நினைக்கிறோம். பிராய்லர் வேகம் வராது. வாசலில் மேய்ந்து வளரும் கோழிக்கு அந்த வேகம் தேவையும் இல்லை.

செய்ய வேண்டிய முறை:

1. சேவலை வேறு ஊரிலிருந்து வாங்குங்கள். ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும். நெஞ்செலும்பு நேராக, கண் தெளிவாக, கால் செதில் வழவழப்பாக இருக்க வேண்டும். ரொம்பப் பெரிய சேவல் வேண்டாம். சின்னப் பெட்டையின் முதுகைக் கிழித்துவிடும்.

2. எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். வருடத்துக்கு ஒரு முறை சேவலை மாற்றுங்கள். பக்கத்துக் குழுவோடு மாற்றிக்கொண்டால் செலவும் இல்லை. மாற்றாவிட்டால் அப்பனும் மகளும் சேர்ந்து குஞ்சு சோனியாகும்.

3. பழைய சேவலை அப்புறப்படுத்திய பிறகு மூன்று வாரம் பொறுங்கள். சேவல் போன பின்னும் இரண்டு வாரத்துக்கு மேல் அதன் விந்து பெட்டையின் உடம்பில் தங்கும். அதற்குள் அடை வைத்தால் குஞ்சு யாருடையது என்றே தெரியாது.

4. முட்டையில் பென்சிலால் தேதி எழுதுங்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை அடை வைக்க வேண்டாம். கோடையில் நான்கு நாளே அதிகம். ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை போதும். ஏழாம் நாள் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு தெரியாத முட்டையை எடுத்துவிடுங்கள்.

5. குஞ்சின் காலில் கலர் நூல் கட்டுங்கள். எட்டு, பன்னிரண்டு, பதினாறாம் வாரத்தில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். கலப்பில்லாத குஞ்சு நாலையும் சேர்த்து எடை போட்டால்தான் கலப்பால் என்ன கிடைத்தது என்று தெரியும். சேமிப்பு நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை.

தாய் ஊர், கறி ஊர்

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா வீட்டிலும் பெருவிடைச் சேவலை விட்டால் நாலு வருடத்தில் சிறுவிடைப் பெட்டையே இருக்காது. அடை உட்காரும் தாய் எங்கே இருந்து வரும்? சேவல் வேலி பார்க்காது, வீட்டு எண் பார்க்காது. அதனால் வீட்டுக்கு வீடு பிரிக்க முடியாது. ஊருக்கு ஊர் பிரிக்கலாம்.

ஒரு குடியிருப்பைத் 'தாய் ஊர்' என்று வைத்துக்கொள்வோம். அங்கே சிறுவிடைச் சேவல் மட்டும்தான். அந்த ஊர்க்காரர்கள் நல்ல இளம் பெட்டைகளை வளர்த்து விற்பார்கள். தள்ளி இருக்கும் குடியிருப்பு 'கறி ஊர்'. அங்கே பெருவிடைச் சேவல் மட்டும். அங்கே பிறக்கும் குஞ்சு எல்லாம் விற்பனைக்கு. தாய்ப்பெட்டை தேவைப்பட்டால் தாய் ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும். இதைத் தனி ஆள் செய்ய முடியாது. கம்பெனிக்காரர்கள் பாட்டன் பாட்டி கோழியைத் தனியாகக் காப்பாற்றுகிறார்கள். நமக்குக் கம்பெனி இல்லை, கூட்டமைப்பு இருக்கிறது.

எது முதலில் விற்கிறது?

நாம் எல்லோரும் செய்யும் ஒரு காரியம் உண்டு. வீட்டிலேயே பெரிய சேவல் எது? அதைத்தான் தீபாவளிக்கு முதலில் விற்கிறோம், அல்லது சாமிக்கு நேர்ந்துவிடுகிறோம். மிச்சம் நிற்கிற சோனிச் சேவல்தான் அடுத்த தலைமுறைக்குத் தகப்பன். வருடா வருடம் இப்படிச் செய்தால் கோழி சின்னதாகத்தான் போகும். அமெரிக்காக்காரர்கள் எழுபது வருடமாகப் பெரியதை நிறுத்திச் சின்னதை விற்றார்கள். நாம் பெரியதை விற்றுச் சின்னதை நிறுத்தினோம். பள்ளிக்கூடத்துப் பணம் கட்ட வேண்டிய நாளில் பெரிய சேவலை நிறுத்து என்று சொல்வது சுலபம் என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்த ஒரு சேவலுக்காகக் குழு ஒரு சின்ன உள்கடன் கொடுத்தால் அதைக் காப்பாற்றலாம். இதைத் தீர்மானமாகவே எழுதலாம்.

ரத்தத்துக்கு முன் மருந்து

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பெட்டை, வருடத்துக்கு ஆளுக்கு இரண்டு அடை, ஒரு அடைக்கு ஒன்பது குஞ்சு. மொத்தம் 90 குஞ்சு. ஒன்பதில் நாலு பிழைத்தால் 40 கோழி. ஒன்பதில் ஏழு பிழைத்தால் 70 கோழி. வித்தியாசம் 30 கோழி. எந்தப் பெருவிடைச் சேவலும் இந்த முப்பதைக் கொடுக்காது. தடுப்பு மருந்தும் கூடையும்தான் கொடுக்கும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் லசோட்டா மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. மருந்துக் குப்பியை உடைத்தால் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் வைக்க முடியாது. ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் போடலாம். தனியாக வாங்கினால் நஷ்டம். ஊரே சேர்ந்து ஒரு சாயங்காலம் கோழி அடையும் நேரத்தில் போட்டால் ஆளுக்குச் சில்லறைதான். குப்பியை ஐஸ் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். உங்கள் கொம்யூனில் உள்ள கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள். மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விவரம் கேட்கலாம்.

முதல் மூன்று நாலு வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் அடைத்து வையுங்கள். நம் ஊரில் காக்கைக்குச் சனிக்கிழமை சோறு வைக்கிறோம். சனீஸ்வரனுக்கு அது வாகனம், நம் குஞ்சுக்கு எமன். சோறு வைப்பதை வாசலில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைப்போம்.

தவிடு, நொய், கரையான் எல்லாம் நல்ல தீனி. துறைமுகத்தில் மீன் கழிவு கிடைக்கிறது என்று போடுகிறவர்கள் வேக வைத்துப் போடுங்கள். உப்புப் போட்ட கருவாட்டுத் தூள் மட்டும் வேண்டாம். உப்பு அதிகமானால் கோழி செத்துப் போகும்.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சின்னக் குஞ்சு இருந்தால் ஈரத்தில் ரத்தக்கழிச்சல் வரும். ஆடி முதல் வாரத்தில் அடை வைத்துப் பாருங்கள். ஆடிக்குள்ளேயே பொரிக்கும். மழை பிடிப்பதற்குள் குஞ்சு எட்டு வாரம் தாண்டிவிடும். பொங்கலுக்கு ஐந்து மாதக் கோழி கையில் இருக்கும். புரட்டாசியில் யாரும் கறி வாங்க மாட்டார்களே என்ற கவலையும் இல்லை. அப்போது விற்க நம்மிடமும் இருக்காது.

நம் கைக்காசு

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மொத்தம் 85 கோடிக் கோழி முதலான பறவைகள். அதில் வீட்டுப் புறக்கடையில் வளர்வது 31 கோடிக்கு மேல். அதற்கு முந்தைய 2012 கணக்கைவிடப் புறக்கடைக் கோழி ஏறக்குறைய 46 சதவீதம் கூடியிருக்கிறது. பிராய்லர் வந்தால் நாட்டுக்கோழி அழியும் என்றார்கள், அழியவில்லை. காரணம் யார்? நாம்தான். மாட்டுப் பால் காசு வீட்டு ஆம்பளை கைக்குப் போனாலும் முட்டைக் காசும் கோழிக் காசும் பெரும்பாலும் நம் கையில் நிற்கிறது. புள்ளைக்கு நோட்டு, ஆஸ்பத்திரிக்குப் பஸ் காசு, குழுச் சந்தா எல்லாம் அதில்தான். அதனால்தான் அதில் விளையாடக் கூடாது என்று இவ்வளவு பேசுகிறோம்.

கடன் உண்டா என்று கேட்டீர்கள். எங்கள் யோசனை இது. முதல் வருடம் பெரிய கடன் வேண்டாம். பெருவிடைச் சேவலுக்கும், தடுப்பு மருந்துக்கும், பஞ்சாரத்துக்கும் மட்டும் சின்ன உள்கடன். ஒரு தாய் ஊர், ஒரு கறி ஊர். நோட்டில் எடை எழுதுவோம். பொங்கலுக்குப் பிறகு நோட்டைப் பிரித்துப் பார்ப்போம். நோட்டு சொன்னால் பெரிதாக்குவோம். நோட்டு வேண்டாம் என்றால் நிறுத்துவோம். முடிவு உங்களுடையது.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவின் ஊக்குநரும் மூன்று விவரம் கொண்டுவர வேண்டும்: உங்கள் ஊரில் அடை உட்காரும் சிறுவிடைப் பெட்டை எத்தனை, சேவல் எத்தனை, போன வருடம் கழிச்சலில் போனது எத்தனை.

கூட்டத்துக்கு வராமல் நின்றுபோன அந்த நிரவி அக்கா இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பேச ஆரம்பிப்பதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டுத்தான் அவர் கதையைச் சொன்னோம். "சொல்லுங்க, ஆனா எங்கிட்ட இன்னும் ரெண்டு பழைய பெட்டை இருக்குன்னும் சேத்துச் சொல்லுங்க" என்றார். இரண்டும் இப்போது அடையில் உட்கார்ந்திருக்கிறதாம். தாய் ஊர் எது என்று தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறோம்.